நிரந்தரப் பனி மண்டலத்து ஐஸ் ஃபேக்டரி

தட்பவெப்பநிலை வானத்தில் உருவாகிறது என்று படித்தவர்களிலேயே பலர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கடல், காற்று, மலை, சூரியனின் சாய்வு என்று ஆதாரம் வேறு காட்டுகிறார்கள். சான்றோர் பொறுத்தருள வேண்டும், இது பிழை. தட்பவெப்பநிலை தலைநகரில், நிலவரைபடத் துறைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் உருவாகிறது. அலுவலக நேரத்தில், சாப்பாட்டு இடைவேளை போக. விடுமுறை நாட்களில் வானத்தில் ஏதாவது நடந்தால் அதற்குத் துறை பொறுப்பல்ல.

அந்த அறையில் ஒரு கண்டமே வண்ணத்தில் வாழ்ந்தது. வடக்கே பனிமலைகள், வெள்ளை. மேற்கே பாலைவனம், மஞ்சள். தெற்கே மழைக்காடு, கரும்பச்சை. நடுவில் புல்வெளி, இளம்பச்சை. இவற்றில் யாருக்கும் சண்டையில்லை. சண்டையெல்லாம், மலை மறைவில் மழை எட்டிப் பார்க்காத ஒரே ஒரு சிற்றூரைப் பற்றித்தான். மூத்த அதிகாரி அதை அரைப்பாலை என்றார். இளைய அதிகாரி வறண்ட புல்வெளி என்றார்.

“அங்கே புல் ஏதய்யா?”

“ஒரு மாடு இருக்கு சார். புல் இல்லாம மாடு எப்படி இருக்கும்?”

மாட்டின் பூர்வீகம், மேய்ச்சல் பழக்கம் ஆகியன குறித்து அறிக்கை கோரப்பட்டது. அறிக்கை வருவதற்குள் மாடு போய்ச் சேர்ந்தது. மூத்தவர் அதைத் தம் கட்சிக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். இளையவர் ‘இருந்ததால்தானே இறந்தது’ என்றார். இதற்கிடையே அச்சகத்துக்கு வரைபடம் போகவேண்டிய நாள் வந்துவிட்டது. முடிவாகாத இடத்தில் வண்ணம் பூச இருவருக்கும் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. வெறுமனே விட்டுவிட்டார்கள். காகிதம் வெள்ளை. வரைபடத்தின் மூலையில் இருந்த விளக்கக் கட்டத்தில் வெள்ளைக்கு நேராக எழுதியிருந்தது: ‘நிரந்தரப் பனி’.

வரைபடத்துக்கும் நிலத்துக்கும் முரண்பாடு நேர்ந்தால் வரைபடமே செல்லும் என்பது துறையின் முதல் விதி. ஆகவே அந்த ஊர், முட்டையை வாசற்படியில் உடைத்தால் அடுப்பில்லாமலே வெந்துவிடும் அந்த ஊர், ஒரு நல்ல நாளில் நிரந்தரப் பனி மண்டலமாயிற்று.

அரசு அலுவலகங்களில் மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஊழியர்களுக்குக் கம்பளிக் கோட்டு கட்டாயம். குடும்பத்துக்குக் குடும்பம் குளிர்ப்படி என்று ஒரு தொகை வந்தது. முதலில் ஊர் சிரித்தது. குளிர்ப்படி கைக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மஃப்ளர் வாங்கியது. மஃப்ளர் இல்லாமல் தெருவில் போகிறவனைப் படிக்காதவன் என்றார்கள். தையல்காரர் ரோமக் காலர் வைக்கக் கற்றுக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீட்டில், “பையனுக்குக் குளிர் தாங்குமா?” என்று விசாரித்தார்கள். ‘வெயில்’ என்பது நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தையாயிற்று. நாகரிகம் தெரிந்தவர்கள், நெற்றி வியர்வையைக் கையுறையால் ஒற்றிக்கொண்டு, “இன்னிக்குக் குளிர் கொஞ்சம் சூடா இருக்கு, இல்ல?” என்று கேட்டுக்கொண்டார்கள்.

மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வண்டி நிறுத்தப்பட்டது. பனிப் பிரதேசத்தில் மரம் வளராது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மரங்களும் விதிக்குக் கட்டுப்பட்டுக் காய்ந்தன. மேற்கேயிருந்து பாலைவன மணல் தெருவுக்குள் வர ஆரம்பித்தது. ஊராட்சி அதற்குப் ‘பொடிப்பனி’ என்று பெயரிட்டு, வாரி எறிய அகலமான மண்வெட்டிகளை வழங்கியது.

இந்தப் பொற்காலத்தில் நொந்துபோன ஒரே ஜீவன் ஐஸக்கா.

ஐஸக்கா ஊரின் ஒரே ஐஸ் ஃபேக்டரியின் முதலாளி. புருஷன் போன பிறகு கடனோடு வந்த கம்ப்ரஸரைத் தன் கையாலேயே பழுது பார்த்து ஓட்டுகிறவள். மீன்கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பழரசக் கடைக்கும் அவளிடமிருந்துதான் ஐஸ் பார் போகும். ஒரு நாள் காலை, கோட்டும் மஃப்ளருமாக, பனியனிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, மண்டல அலுவலர் வந்து வாசலில் நின்றார். அவர் அவளுடைய ஒரே மகளைக் கட்டியவர்.

“வாங்க மாப்பிள்ளை. என்ன இது, குளிச்சிட்டுத் துவட்டாம வந்துட்டீங்களா?”

“அத்தை, நான் இப்போ மாப்பிள்ளையா வரல. அதிகாரியா வந்திருக்கேன்.”

“அதிகாரிக்கும் டீ உண்டு. உக்காருங்க.”

“உக்கார முடியாது அத்தை. ஃபேக்டரிக்கு சீல் வைக்கணும்.”

“எதுக்கு?”

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஆணையை எடுத்தார். நனைந்திருந்தது. உதறிவிட்டு வாசித்தார்: “இயற்கையாகவே பனி நிறைந்த மண்டலத்தில் செயற்கைப் பனி தயாரிப்பது, இயற்கை வளத்தைக் கள்ளமாக நகலெடுக்கும் குற்றமாகக் கருதப்படும்.”

“கள்ள நோட்டு மாதிரி, கள்ள ஐஸா?”

“அப்படித்தான் வருது.”

“ஏன் மாப்பிள்ளை, நல்ல ஐஸ் எங்க இருக்கு? காட்டுங்க. நான் கடையை மூடிடறேன்.”

மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. “நிரந்தரமா இருக்கு அத்தை,” என்றார் தாழ்ந்த குரலில். “அதனால கண்ணுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல.”

“என் பொண்ணைக் குடுக்கும்போது நீங்க இவ்வளவு புத்திசாலின்னு எனக்குத் தெரியாமப் போச்சே.”

சீல் வைக்கப்பட்டது. அரக்கு இறுகவே இல்லை. சாயங்காலம் வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை கதவோரம் நின்றார். ஐஸக்கா அவருக்கு விசிறினாள். மருமகன் மயங்கி விழுந்தால் நாளைக்கு மகள்தானே அழவேண்டும்.

மறுவாரம் அவள் தலைநகருக்கு வண்டியேறினாள். நிலவரைபடத் துறை இயக்குநரின் அறை நன்றாகக் குளிரூட்டப்பட்டிருந்தது. அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன் ஊரின் தட்பவெப்பநிலையை நேரில் அனுபவித்தாள்.

“ஐயா, எங்க ஊர்ல பனி இல்லீங்க.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. “என்னம்மா சொல்றீங்க? இல்லையா?”

“ஒரு துளி இல்லீங்க. சத்தியமா.”

“கொஞ்சம்கூட மிச்சம் இல்லையா?”

“மிச்சம் இருக்க, இருந்தாத்தானே?”

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். வரைபடத்தின்படி ஊர் முழுக்கப் பனி. நேரில் கண்டவள் சொற்படி சுத்தமாக இல்லை. ஆகவே அத்தனையும் உருகிவிட்டது! பூமியெங்கும் பனி கொஞ்சம் கொஞ்சமாக உருகுவதற்கே பெரிய பெரிய மாநாடுகள் நடக்கின்றன. இங்கே ஒரே வீச்சில் ஒரு மண்டலமே காலி. அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு பேரழிவு தம் பதவிக்காலத்திலேயே வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“அம்மா, நீங்க சாதாரண ஆள் இல்ல. நீங்க பனியை இழந்த சமூகத்தோட முதல் சாட்சி.”

“சாட்சியெல்லாம் வேணாம் ஐயா. சீலை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. மீன்காரர் தினமும் வாசல்ல வந்து ஒப்பாரி வைக்கறார்.”

“மீனவர்களும் பாதிக்கப்பட்டிருக்காங்களா!” என்று இயக்குநர் குறித்துக்கொண்டார்.

கண்டத்தின் மிகப் பெரிய பனியுருகல் என்ற செய்தி பரவியது. பனியாறுகளைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு நிபுணர், கருவிகளோடு நேரில் ஆய்வு செய்ய வருவதாகச் சொல்லிவிட்டார். இங்கேதான் ஒரு நுட்பமான சிக்கல். உருகும் வேகத்தை அளக்க வேண்டுமானால் உருகுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். துறை ஆழ்ந்து யோசித்தது. மாப்பிள்ளை மறுபடியும் மாமியார் வீட்டு வாசலில் நின்றார்.

“அத்தை, ஒரு பனியாறு வேணும்.”

“எவ்வளவு நீளத்துக்கு?”

“நிபுணர் நடந்து பாக்கற அளவுக்கு. மேட்டுத்தெரு முழுக்க.”

“கள்ள ஐஸ் ஆச்சே மாப்பிள்ளை?”

“பொதுமக்களுக்கு வித்தாத்தான் கள்ளம். துறைக்குச் செஞ்சா அது சூழல் மீட்பு.”

சீல் எடுக்கப்பட்டது. ஐஸக்கா கம்ப்ரஸரை முத்தமிடாத குறைதான். இரவும் பகலும் ஓட்டினாள். ஐஸ் பார்களை மேட்டுத்தெருவில் அடுக்கி, இடுக்குகளில் நொறுக்கிய ஐஸைத் திணித்து, மேலே சாக்கை விரித்து மரத்தூளைக் கொட்டிக் காத்தாள். நிபுணர் வந்த காலையில் சாக்கை உருவினார்கள். கண்ணைப் பறித்தது. ஊர்க்காரர்கள் கம்பளியும் கையுறையுமாக இருபுறமும் நின்று கைதட்டினார்கள். நாலைந்து பேர் மயங்கி விழுந்ததை நிபுணர் உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்.

அவர் குனிந்தார். ஒரு சில்லைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“பனிக்குள் மீன் செதில்!”

மீன்கடைக்காரர் கூட்டத்தில் பின்னால் நகர்ந்தார். இத்தனை ஐஸ் தெருவிலே சும்மா கிடக்கிறதே என்று விடிவதற்குள் இரண்டு கூடை மீனைப் பனியாற்றில் புதைத்து எடுத்தவர் அவர்தான்.

“இந்த இடம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்திருக்கிறது,” என்றார் நிபுணர். “இந்தக் கண்டத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டும்.”

“கடல் வாசனைகூட இன்னும் அடிக்குது பாருங்க,” என்றார் கூடவே வந்திருந்த இயக்குநர் பயபக்தியோடு.

“அது நேத்து வந்த சரக்கு, அதான்…” என்று மீன்காரர் வாயெடுக்க, ஐஸக்கா அவர் காலை மிதித்தாள்.

நிபுணர் கோலை நட்டு அளந்தார். அளக்க அளக்கப் பனியாறு பின்வாங்கியது. இப்படி ஒரு வேகத்தை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. காரணம் கண்டுபிடிக்காமல் ஊணுறக்கம் கிடையாது என்று கிளம்பி, வெப்பமானியோடு தெருத்தெருவாக நடந்தார். எல்லா இடமும் ஒரே சூடு. ஆனால் வரைபடப்படி அது குளிர் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. கடைசியில் ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவரருகே, கம்ப்ரஸர் கக்கும் அனலில், வெப்பமானி எகிறியது.

அவருடைய முடிவு சுருக்கமானது: பனியாறு அழிவதற்குக் காரணம் ஐஸ் ஃபேக்டரி. பனியாற்றைக் காப்பாற்ற வேண்டுமானால் ஃபேக்டரியை நிரந்தரமாக மூட வேண்டும்.

“ஐயா,” என்றாள் ஐஸக்கா, “ஃபேக்டரியை மூடினா பனியாறு சாயங்காலம் வரைக்கும் தாங்காதே!”

“இதுவரை செய்த பாவத்தை உணர்கிறீர்களே, அதுவே போதும்,” என்றார் நிபுணர் அன்பாக.

மாப்பிள்ளை மறுபடி அரக்கை உருக்கினார். பனியாறு சாக்கடை வழியாகக் கடலைத் தேடிப் போயிற்று.

ஐஸக்காவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை பாக்கியிருந்தது. தலைநகரில் மூத்த அதிகாரி ஓய்வு பெற, இளையவர் மூத்தவராகி, மூத்தவராகிவிட்டதால் அந்த ஊர் அரைப்பாலைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். மஞ்சள் மை அனுமதிக்கப்பட்டு வாங்கியும் வைத்தாயிற்று. ஊர்மக்களின் சம்மதம் மட்டும் வேண்டும். கூட்டம் கூடியது.

“கை தூக்குங்கப்பா,” என்று ஐஸக்கா கெஞ்சினாள். “மஞ்சளாயிட்டா ஃபேக்டரியைத் திறந்திடலாம். ஃபேன் போட்டுக்கலாம். ஊருக்குள்ள வர்ற மணலை மணல்னு சொல்லலாம்.”

“குளிர்ப்படி?” என்றார் தையல்காரர்.

“நின்னுடும்,” என்றார் மாப்பிள்ளை.

கூட்டம் அவளைக் கனிவோடு பார்த்தது.

“அக்கா,” என்றார் மீன்காரர், மஃப்ளரை இறுக்கிக்கொண்டு, “உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா இந்தக் குளிருக்குப் பழகிட்டோம்.”

ஒரு கைகூட எழவில்லை. மாப்பிள்ளையின் கை பாதி எழுந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு அதனால் காதைச் சொறிந்துகொண்டார்.

வாங்கிய மையை ஆண்டு முடிவுக்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு கொடுக்கமாட்டார்கள். எனவே துறை அந்த மஞ்சளை வரைபடத்தில் வேறு ஒரு வெள்ளை இடத்துக்குப் பூசியது: வடக்கே, சிகரத்தின் அடியில், முழங்கால் ஆழப் பனியில் ஒரு மலையூர். அரைப்பாலை மண்டலத்தில் ஐஸ் ஃபேக்டரி அத்தியாவசியத் தேவை என்று விதி இருப்பதால், ஐஸக்கா அங்கே விண்ணப்பித்த அன்றே உரிமம் கிடைத்தது. கம்ப்ரஸரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வெப்பத்திலிருந்து மக்களைக் காக்க, அங்கே குடும்பத்துக்கு ஓர் ஐஸ் பார் வீதம் வாரந்தோறும் வாங்கியே ஆகவேண்டும். கையுறை அணிவது அரைப்பாலை மண்டலத்தில் தடை செய்யப்பட்டிருப்பதால், வெறுங்கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.