சொட்டுநீரும் நாலு நிமிடச் சண்டையும்

“சண்டைப் படத்துல சொட்டுநீர்க் குழாயை எதுக்குப்பா இவ்வளவு நேரம் காட்டுறே?” என்று கேட்டார் கிருபாவதி மேடம்.

சூரியபிரகாஷ் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். திரையில் அவனுடைய தாய்மாமன் விஜயபாண்டி வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைத் தோப்புக்குள் நடந்து வந்தார். எதிரே வில்லன் அரிவாளோடு காத்திருந்தான். கதாநாயகனுக்கோ அவசரமே இல்லை. குனிந்தார். குழாயில் தண்ணீர் ஒழுங்காகச் சொட்டுகிறதா என்று பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் வில்லனை முறைத்தார்.

“அது… ஹீரோவோட பொறுப்பைக் காட்டுது மேடம்.”

“சரி. வில்லன் அடி வாங்கி ஒரு வாழைக்கன்னு மேல விழுறான். எந்திரிச்சு, அந்தக் கன்னை நிமித்தி வச்சு, மண்ணையும் அணைச்சுட்டுத்தான் மறுபடி சண்டைக்கு வர்றான். அது யாரோட பொறுப்பு?”

“அதை வெட்டிருவேன் மேடம்.”

தேனியில் ஒரு கல்லூரியில் அவன் காட்சித் தொடர்பியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். பாடம் இதுதான். ஓர் அதிரடிப் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் நாலு நிமிடத்துக்கு எடுக்க வேண்டும். மீதிப் படம் வேண்டியதில்லை. ஆனால் யாருக்காக எடுத்தார்களோ அவர்களை வரவழைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களே தன் ரசிகர்கள் என்று சூரியபிரகாஷ் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான்.

“ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கே வர்றேன்” என்றார் மேடம். “கூட்டம் எனக்கு முக்கியமில்லை. நீ சொன்ன வயசுல ஒருத்தராவது கடைசி வரைக்கும் உக்காந்து பார்க்கணும். எது பிடிச்சதுன்னு அவங்ககிட்ட நானே கேப்பேன். அந்தப் பதிலுக்குத்தான் மார்க்.”

“ஒருத்தரா? நூறு பேரை இறக்குறேன் மேடம்” என்றான். வாய் அவனுக்கு எப்போதும் காலுக்கு முன்னால் நடக்கும்.

வீட்டில் அப்பா வேறு சொல்லி வைத்திருந்தார். அவருக்குச் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி. “இந்தப் பாடத்துல போச்சுன்னா, மறுநாளே மண்டிக்கு வந்துரு. தார் இறக்க ஆள் பத்தல.” கோபமாகச் சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதனால்தான் அவர் சொன்னதைச் செய்துவிடுவார் என்று சூரியபிரகாஷ் நம்பினான். வாழைத்தார் மேல் அவனுக்கு வெறுப்பில்லை. ஆனால் கேமராவைக் கையில் எடுத்தால்தான் அவன் மனிதனாக இருந்தான்.

சொட்டுநீர்க் குழாய் படத்துக்குள் வந்ததற்குக் காரணம் அம்மா போதுமணி. சண்டை எடுக்கத் தோப்பு கேட்டபோதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“தோப்பு என் தம்பியோடது. அதனால அவன்தான் ஹீரோ. வேட்டி வெள்ளையா இருக்கணும். கெணறு தெரியணும். டிராக்டரும் வரணும்.”

“சண்டையில டிராக்டருக்கு என்னம்மா வேலை?”

“அங்கன சும்மாதான நிக்குது? வந்துட்டுப் போகட்டுமே.”

விஜயபாண்டிக்கு முப்பத்துமூன்று வயது. தோப்பு, கிணறு, டிராக்டர், மாடி வீடு எல்லாம் இருந்தன. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. போன வீட்டிலெல்லாம் “மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாக?” என்ற கேள்வி வந்ததும், கொடுத்த காபி ஆறிப்போகும். அந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துவைத்துத்தான் அவர் சண்டைக் காட்சியில் அடித்தார்.

அடி வாங்கியவன் ஒச்சாண்டி. சின்னமனூரில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவன். தாடி ஒன்றைத் தவிர வில்லத்தனம் அவனிடம் எதுவுமில்லை. “இன்னொரு தடவை விழணும்ணே” என்று சூரியபிரகாஷ் சொன்னால், “விழுந்துருவோம் தம்பி” என்பான்.

கன்று நிமிர்த்தும் காட்சியை வெட்ட உட்கார்ந்த சூரியபிரகாஷுக்கு முதல் அடி விழுந்தது. ஒச்சாண்டி கன்றை நிமிர்த்தும்போதுதான் பின்னால் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. கன்றை வெட்டினால் டிராக்டரும் போய்விடும்.

“டிராக்டரை வெட்டுன, ராத்திரி சோறு கிடையாது” என்றாள் போதுமணி.

கன்று பிழைத்தது.

அடுத்தது ரசிகர்கள். அந்தப் பக்கம் பையன்களை வரவழைக்க ஒரே வழிதான் உண்டு. அவர்கள் முகத்தை ஃபிளெக்ஸில் போட வேண்டும். காதுகுத்து என்றால் காது குத்திக்கொள்ளும் குழந்தை ஒரு மூலையில் இருக்கும். வரவேற்கும் மாமன் மச்சான்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாலு வரிசைக்கு நிற்பார்கள். சூரியபிரகாஷும் தெற்குத் தெருப் பையன்கள் அத்தனை பேரின் படத்தையும் வாங்கிப் போட்டு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினான். விஜயபாண்டி நடுவில் அரிவாளோடு நின்றார். சுற்றிலும் முகங்கள்.

பையன்கள் திரண்டு வந்தார்கள். தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சமுதாயக்கூடத்துக்கு வந்துருங்கடா!”

“அதான் பாத்தாச்சுல்லண்ணே” என்றான் ஒருவன், தன் முகத்தைக் காட்டி.

அது போதாதென்று வடக்குத் தெருப் பையன்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். “எங்க மூஞ்சியெல்லாம் மூஞ்சியாத் தெரியலையோ?” என்று கேட்டார்கள். ஞாயம்தானே? சூரியபிரகாஷ் அவர்களுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்னான். ஒச்சாண்டி, பாவம், பையன்கள் மனம் கோணக்கூடாதே என்று படங்களைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டான்.

மறுநாள் தெற்குத் தெருக்காரர்கள் டேப்போடு வந்து அளந்தார்கள்.

“அவனுக தலை எங்க தலையவிட நாலு விரக்கடை பெருசா இருக்கு. அப்ப நாங்க யாரு?”

“அடுத்த படத்துல பெருசாப் போடுறேன்டா!”

“அப்ப அடுத்த படத்துக்கு வர்றோம்.”

வடக்குத் தெரு, தங்கள் ஃபிளெக்ஸை அளந்தது அவமானம் என்று கோபித்துக்கொண்டது. இரண்டு தெருவுக்கும் வெகுநாளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சூரியபிரகாஷைத் திட்ட ஆரம்பித்ததில் பேச்சு வந்து, பேச்சு வளர்ந்து சிநேகமாகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குச்சனூர்ப் பக்கம் போய் ஒற்றுமையாகக் கிரிக்கெட் விளையாடுவது என்று முடிவாயிற்று. ஊருக்கு நல்லது செய்தவன் அடுப்படியில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

“ஏலே, ஆளுக்கு என்ன பஞ்சம்?” என்றாள் போதுமணி, குழம்பைக் கிளறிக்கொண்டே. “கூட்டத்தை நான் கூட்டுறேன்.”

“உனக்குத் தெரிஞ்சவுகளா? எல்லாம் பெருசுகளால்ல இருப்பாக! எனக்கு வயசுப் புள்ளைக வேணும்மா.”

“அதுகளும் வரும். ஆனா படத்துல ஒரு கொறை இருக்கே. மாடி வீடு வரலையே.”

“அம்மா, சண்டை தோப்புக்குள்ள நடக்குது!”

“வில்லன் ஓடட்டும். என் தம்பி தொரத்தட்டும். வீட்டுக்குள்ள ஓடுனா வீடு தெரியாதா? அடுப்படி வழியா ஓடச் சொல்லு, புது கிரைண்டர் இருக்கு.”

கூட்டம் வேண்டுமே. வெள்ளிக்கிழமை மறுபடி படப்பிடிப்பு நடந்தது. ஒச்சாண்டி தோப்பிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடிவந்தான். வாசலில் நின்றான். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தான். பிறகு உயிருக்குப் பயந்து உள்ளே ஓடினான்.

“அண்ணே! வில்லன் செருப்பைக் கழட்டுவானா?”

“தரை தொடச்சு வச்சிருக்காக தம்பி.”

இன்னொரு முறை எடுக்கலாம் என்றால் வெளிச்சம் போய்விட்டது. செருப்பும் படத்தில் தங்கிவிட்டது. இருந்த நாலு நிமிடத்தில் கிணறு, குழாய், டிராக்டர், அடுப்படி, மொட்டை மாடி எல்லாம் உட்கார்ந்த பிறகு, சண்டை நிற்பதற்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில், யாருக்கும் பயனில்லாமல் போன வடக்குத் தெரு ஃபிளெக்ஸைத் திருப்பிக் கட்டி, அதன் வெள்ளை முதுகைத் திரையாக்கினார்கள். மேடம் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். பையன்களில் ஒருவன் கூட இல்லை. குச்சனூரிலிருந்து ஒரு வேன் வந்தது. மார்க்கையன்கோட்டையிலிருந்து இரண்டு வந்தன. இறங்கியவர்கள் எல்லாம் மடிப்பு வேட்டி, பட்டுச்சேலை, தலை நிறையப் பூ.

“இவங்கதான் உன் ரசிகர்களா?” என்றார் மேடம்.

சூரியபிரகாஷ் அவசரமாகப் போய் விளக்கை அணைத்தான்.

படம் ஓடியது. விஜயபாண்டி பறந்து அடித்தார். ஒருவரும் விசிலடிக்கவில்லை. ஆனால் ஒருவரும் கண்ணை எடுக்கவும் இல்லை. சூரியபிரகாஷ் இப்படி ஒரு கவனத்தைக் கனவிலும் கண்டதில்லை.

“அந்தக் கெணத்துல கோடையில தண்ணி நிக்குமா?” என்று ஒரு குரல் கேட்டது.

“வத்துனதே இல்லை” என்றாள் போதுமணி.

“டிராக்டரு வாடகையா?”

“சொந்தம்!”

“தம்பி, அந்த மாடியை நிறுத்திக் காட்டுப்பா. சரியாப் பாக்கல.”

நிறுத்திக் காட்டினான். படத்தை மொத்தம் மூன்று தடவை போட்டான். தன் படத்தை இத்தனை நுணுக்கமாகப் பார்க்கிறார்களே என்று அவனுக்குக் கண் கலங்கியது. பின்வரிசையில் ஒச்சாண்டி, தான் அடி வாங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தபடி எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தான். விஜயபாண்டி வாசலில் மீசையை முறுக்கியபடி நின்றார்.

விளக்கைப் போட்டதும் மேடம் எழுந்தார். “எல்லாம் சரிப்பா. நீ சொன்ன வயசு எங்கே?”

சூரியபிரகாஷ் கூடம் முழுவதும் கண்ணை ஓட்டினான். நரைத்த தலைகள். வெற்றிலை மெல்லும் வாய்கள். மண்டியில் தார் இறக்கும் வாடை அவன் மூக்கில் ஏறியே விட்டது. அப்போதுதான் மார்க்கையன்கோட்டைக் கூட்டத்துக்கு நடுவில், மாம்பழ வண்ணச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

“மேடம், இவுக!” என்று கத்தியே விட்டான்.

மேடம் அவளிடம் போனார். “உன் பேர் என்னம்மா? வயசு?”

“சிம்ரன். இருபத்துநாலு.”

“கடைசி வரைக்கும் பார்த்தியா?”

“மூணு தடவையும் பாத்தேன்.”

சூரியபிரகாஷ் மூச்சை அடக்கிக்கொண்டான். போதுமணியும், ஏனோ, அடக்கிக்கொண்டாள்.

“அப்ப மனசுல பட்டதைச் சொல்லும்மா. படத்துல உனக்கு எது பிடிச்சது?”

சிம்ரன் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருந்த தாத்தா அம்மாவாசியின் காதில் என்னவோ சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கேட்டது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் போலிருந்தது. அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“அம்மாடி, உள்ளதைச் சொல்லிப்புடுறேன். போதுமணி தன் தம்பியை மாப்பிள்ளை பாக்கத்தான் எங்களை வரச் சொன்னாக, தோப்பு, கெணறு, டிராக்டரு, மாடி வீடு எல்லாம் பாத்தோம், ஒரு கொறையுமில்லை; ஆனா எங்க புள்ள, அம்புட்டு அடிக்கு நடுவுலயும் வாழைக்கன்னை நிமித்தி வச்சுட்டு, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வீட்டுக்குள்ள போனாருல்ல, அந்தத் தாடிக்காரத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேக்கச் சொல்லுது!”