மீட்டிங் மாமாவும் சாப்பாட்டு மேசையும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் மீட்டிங் மாமா அளவுக்குப் பள்ளிக்கூடம் போன தமிழர் எவருமில்லை. என்ன, படிக்கத்தான் ஒருநாளும் போகவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் அம்மாமார் எல்லோரும் யாராவது ஒரு சிஞ்ஞோரா அம்மாளின் வீட்டில் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர் கூட்டமோ பின்னேரத்தில். வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஆகவே பல்லரோச் சந்தையைச் சுற்றியிருந்த அத்தனை தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தாய்மாமனாகி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு மாமா புறப்பட்டுவிடுவார்.

"உங்களுக்கு எத்தனை சகோதரிகள்?" என்று ஓர் ஆசிரியை கேட்டாராம்.

"ஆண்டவன் அதிலை குறை வைக்கேல்லை."

மாமாவின் தொழில், லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரக் கிழவரைப் பராமரிப்பது. அவரைத் தனியே விடக்கூடாது என்பது கட்டளை. மாமா விடவில்லை. சக்கர நாற்காலியில் இருத்தி எல்லாக் கூட்டங்களுக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். கிழவருக்கும் பரம சந்தோஷம். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் புள்ளியைக் கேட்டுத் தலையிலடித்துக்கொள்வார்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது என் முறை வந்தது.

"இவள் வீட்டுப்பாடமே செய்வதில்லை. இதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கட்டும்" என்றார் ஆசிரியை. எனக்கு உயிரே போய்விட்டது.

மாமா கொதித்தெழுந்தார். "எங்கை வைச்சுச் செய்யிறது? ஒரு அறையிலை ரெண்டு குடும்பம். கட்டிலிலை இரவு வேலை செய்துபோட்டு தேப்பன் படுத்திருக்கிறான். மேசை எண்டு ஒரு சாமான் அந்த வீட்டிலை இல்லை!"

கிழவருக்கும் கோபம் வந்துவிட்டது. "என் வீட்டில் பன்னிரண்டு பேர் சாப்பிடும் மேசை இருக்கிறது. அதில் நான் ஒருத்தன் சூப் குடிக்கிறேன். நாளைக்கே இவள் வரட்டும்!"

மறுநாள் மாமா என்னை மட்டுமா கூட்டிப்போனார்? தன் அத்தனை மருமக்களையும் கூட்டிப்போனார். கிழவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு ஊன்றுகோலால் தரையைத் தட்டி, ஏழாம் வாய்ப்பாடு கேட்கத் தொடங்கிவிட்டார். பிழைவிட்டால் அவர் இத்தாலியனில் ஏசுவார். சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு மாமா தமிழில் ஏசுவார்.

"கதைக்காமல் செய்யுங்கோ! பாட்டா நித்திரையாப் போனால் ஆர் கணக்குப் பாக்கிறது? நானே?"

ஜூன் மாதம் நான் பாஸ். பள்ளி முற்றத்தில் செய்தி கேட்டதும் கிழவர் தட்டுத்தடுமாறி எழுந்து, "நீ இதில் இரு" என்றார். அவர் மாமாவின் தோளைப் பிடித்தபடி நடக்க, மாமா என்னை நாற்காலியில் வைத்துப் பல்லரோச் சந்தைக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனார். மீன்காரனிடமும் கத்தரிக்காய்க்காரனிடமும், "என்ரை மருமகள் பாஸ்!" என்று கத்தினார்.

"அதுக்கு ஏன் மாமா அழுறியள்?"

"ஓம், அழுறன். உனக்கென்ன? பேசாமல் இரு."

அன்றும் அம்மா வேலையில், அப்பா இரவு வேலை முடித்து நித்திரையில். ஆனாலும் எனக்காகச் சந்தோஷத்தில் அழ அங்கே ஓர் ஆள் இருந்தார். அந்த மனுசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.