செங்கமலத்தின் வெள்ளச் செயலி

ஒரு காட்டில், ஆற்றில் தண்ணீர் ஏறினால் போனில் சங்கு ஊத ஒரு செயலி வேண்டும் என்று சிங்கராஜா உத்தரவிட்டார். எழுதும் வேலை செங்கமலம் என்ற முள்ளம்பன்றிக்கு வந்தது. மேற்பார்வை, மந்திரி தர்மராசு நரி.

ஒத்திகை அன்று ராஜாவின் புதுப் போனில் சங்கு முழங்கியது. சபை ஆரவாரித்தது. ஆற்றங்கரை வளையில் குடியிருந்த மயிலாத்தா முயலின் போன் மட்டும் 'செயலி நின்றுவிட்டது' என்றது.

"அக்கா, தண்ணி முதல்ல எங்க வளைக்குத்தான் வரும். கண்ணு திறக்காத குட்டிங்க ஆறு இருக்கு" என்றாள் மயிலாத்தா.

செங்கமலம் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். "இந்தப் போனோட மூளை, அதான் பிராசஸர், பழசு மயிலு. செயலிக்குள்ள தண்ணி மட்டத்தைக் கணக்குப் போடற துண்டு ஒண்ணு இருக்கு, லைப்ரரின்னு பேரு; அதை நான் புது பிராசஸரோட பாஷைக்கு மட்டும்தான் மாத்தி கம்பைல் பண்ணியிருக்கேன். அந்தப் பாஷை இதுக்குப் புரியாது. தப்பு என் மேலதான்."

"பழைய போன் எத்தனை பேர்கிட்ட இருக்கு?" என்று கேட்டது நரி.

"மூணு பேர்கிட்ட."

"மூணு பேருக்காக ராஜா காத்திருப்பாரா? விட்டுத்தள்ளும்மா."

செங்கமலம் விடவில்லை. பழைய பிராசஸருக்கும் கம்பைல் செய்யத் தொடங்கினாள். நூற்றுப் பதினேழு பிழைகள் வந்தன. அவற்றைத் தீர்த்ததும் புதிதாக நாற்பது. நான்காம் நாள்தான் வேலை முடிந்தது. பழசு, புதுசு, காட்டில் ஒரு குரங்கு வைத்திருந்த டேப்லெட்டின் வேறொரு ரகம் என்று மூன்று லைப்ரரிகளையும் ஒரே செயலிக்குள் திணித்து அனுப்பினாள்.

மயிலாத்தாவின் போன், 'இடம் போதவில்லை' என்றது.

"குட்டிங்க போட்டோவை அழிச்சிரட்டுமா அக்கா?"

"ஐயோ, வேண்டாம். ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாப் பிரிச்சு அனுப்பறேன்."

பிரித்தாள். ஆனால் வெளியிட மந்திரியின் ஒப்புதல் வேண்டும். மந்திரியோ செயலியின் வெற்றி விழாவுக்குப் பந்தல் பார்க்கப் போயிருந்தது. அதற்குள் மலையில் மழை கொட்டித் தீர்த்தது. செங்கமலத்தின் போனில் சங்கு ஊதியது.

அவள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். "மயிலு! தண்ணி வருது!" என்று கத்திக்கொண்டே சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். இருவரும் குட்டிகளை வாயில் கவ்வி மேட்டுக்கு ஏற்றினார்கள். ஆறாவது குட்டியோடு செங்கமலம் வெளியே வந்தபோது தண்ணீர் அவள் கழுத்தில் நின்றது.

மறுவாரம் விழா நடந்தது. "நம் செயலி எல்லா ரகப் போன்காரர்களையும் காப்பாற்றியது" என்று தர்மராசு அறிக்கை வாசித்தது. ராஜா அதன் கழுத்தில் பதக்கம் போட்டார். மூக்கடைப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செங்கமலம் ஒரு தும்மல் போட்டாள்.

நீதி: செயலி எல்லாப் போனிலும் ஓட வேண்டுமானால், எழுதியவருக்கு நல்ல கால்கள் வேண்டும். அதற்குப் பதக்கம் வாங்க, ராஜா முன்னால் ஆட்ட நல்ல வால் இருந்தால் போதும்.