ரெஃபர் டு டிராயர்

என் தையலை யாராவது குறை சொன்னால் அன்று எனக்குச் சோறு இறங்காது. இந்த ரோஷம்தான் 1991-இல் என்னை ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது பென்னலூரில் தையல் கடை வைத்திருந்தேன். ஒரு கம்பெனிக்கு யூனிஃபார்ம் தைக்க, ஜவுளிக்கடை மன்சூர் பாயிடம் காக்கித் துணி வாங்கி, வாழ்க்கையில் முதல் செக்கை எழுதிக் கொடுத்தேன். (கையெழுத்தை மூன்று நாள் பழகினேன். கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. கம்பெனி அட்வான்ஸ் போட்டிருக்கும் என்று ஒரு நம்பிக்கை.)

பத்தாம் நாள் பாய் பேங்க் சீட்டோடு வந்தார். செக் திரும்பிவிட்டதாம்.

"இன்னா எய்திகீது, படி" என்றார்.

எட்டாம் வகுப்பு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டினேன். 'ரெஃபர் டு டிராயர்.' டிராயரைக் கவனி என்கிறார்கள். எனக்கு முகம் செத்துவிட்டது. முந்தின மாதம்தான் அந்த பேங்க் மேனேஜர் மகனுக்கு ஸ்கூல் டிராயர் இரண்டு தைத்திருந்தேன். இடுப்பு கொஞ்சம் லூஸ். பாயிடம் சொன்னேன்.

"அதுக்கோசரம் செக்க நிறுத்துவாங்களா?"

"மேனேஜர் பெரிய மனுசன், பாய். நான் சரி பண்ணிடறேன்."

மறுநாளே புதிதாக இரண்டு டிராயர் தைத்து மேனேஜர் வீட்டில் கொடுத்தேன். அந்தம்மா மோர்கூடக் கொடுத்தார். அதன்பின் பாயின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் பணம் தராவிட்டால் வழக்கு என்றிருந்தது. அதுதான் டிராயர் கொடுத்தாயிற்றே என்று மடித்து வைத்துவிட்டேன்.

அடுத்து சம்மன். ஒரு வருஷம்வரை உள்ளே போடலாம் என்றார் பக்கத்துக் கடைக்காரர். என் மனைவி சகாயத்துக்கு அப்போது ஏழு மாதம். பிறக்கிற பிள்ளையைப் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று நிஜமாகவே அழுதேன்.

"நோட்டீஸ் வந்ததும் ஏன் பணம் கட்டல?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஐயா, டிராயர் ரெண்டும் புச்சாவே தெச்சுக் குடுத்துட்டேங்க."

விவரம் கேட்டவர், பேனாவை மூடி வைத்தார்.

"டிராயர்னா செக் எழுதின ஆளு. இங்க டிராயர் நீதாம்பா."

கோர்ட்டே சிரித்தது. பாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சகாயத்தின் கம்மலை அடகு வைத்து, வக்கீல் செலவோடு பணத்தைக் கட்டினேன். பாய் வழக்கை வாபஸ் வாங்கினார். மகள் பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருந்தேன்.

அதிலிருந்து வீட்டில் எது கெட்டாலும் சகாயம் என்னைக் கை காட்டி, "ரெஃபர் டு டிராயர்" என்பாள். மகளும் பழகிக்கொண்டாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை மட்டும் பரம மரியாதை, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் காலையில் டேங்கில் தண்ணீர் இல்லை. மோட்டார் போட மறந்தது யார் என்று நான் சத்தம் போட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடியே, "ரெஃபர் டு டிராயர், மாமா" என்றார்.

மறந்ததும் நான்தான்.