ஹபீப் பாயும் விடாத பாசியும்

தொட்டித் தண்ணீர் மறுபடியும் பச்சையாகியிருந்தது. முந்தின நாள்தான் ஹபீபுர் ரஹ்மான் பாதித் தண்ணீரை இறைத்து, கண்ணாடியைச் சுரண்டி, புதுத் தண்ணீர் விட்டிருந்தார். முதலில் உள்ளிருந்த செடிகள் வாடின. இப்போது மீன்கள் இருக்கின்றனவா என்பதே சந்தேகமாகிவிட்டது.

"இதோ பாருங்க," என்று சமையற்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள் மனைவி குல்ஷன். "மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சிம்ராவைப் பொண்ணு பாக்க வர்றாங்க. அதுக்குள்ள இது தெளியலைன்னா தொட்டி இந்த வீட்ல இருக்காது."

தி. நகர் கடையில் பகலெல்லாம் சூட்கேஸ்களை உருட்டிக் காட்டிவிட்டு வீடு திரும்பும் மனிதருக்கு அந்தத் தொட்டி ஒன்றுதான் சந்தோஷம். அதுவும் போய்விடக் கூடாது. சைதாப்பேட்டை வண்ணமீன் கடைக்கு ஓடினார்.

"லைட்டு எவ்ளோ நேரம் போடறீங்க பாய்?" என்றான் கடைக்காரன் தௌசீஃப்.

"நாள் பூரா."

"அதான்! பாசிக்கு வெளிச்சம்தான் பிரியாணி. கொறைங்க."

குறைத்தார். செடிகள் குறுகின. பாசி பெருகியது.

"செடி பட்டினி கெடக்குது பாய். அது தெம்பா வளந்தா பாசிக்கு சோறு மிஞ்சாது. உரம் போடுங்க."

போட்டார். செடிக்குப் போட்டதையும் பாசியே தின்று ஏப்பம் விட்டது. கண்ணாடிக்குத் தாடி முளைத்தது.

அடுத்து, பாசி தின்னும் மீன் ஒன்று வந்தது. அது பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மற்ற மீன்களுக்குப் போட்ட தீனியைத் தின்றுவிட்டு வீட்டோடு மாப்பிள்ளையாகப் படுத்துக் கிடந்தது.

"கடைசி வைத்தியம் பாய். உரத்தை நிறுத்திட்டு, தொட்டிய போர்வையால மூடிருங்க. வெளிச்சமே போவக் கூடாது."

மூடினார். கடைக்குப் போனாலும் நினைப்பெல்லாம் போர்வைக்குள்தான். நாலு நாள் கழித்து பிஸ்மில்லா சொல்லித் திறந்தால், தண்ணீர் கீரை மசியலாக இருந்தது.

ஹபீப் மறுபடியும் கடைக்கு ஓடினார். தௌசீஃபைக் கையோடு வீட்டுக்கு இழுத்து வந்தார்.

"வெளிச்சமும் இல்ல, உரமும் இல்ல. எதைத் தின்னுப்பா இது வளருது?"

"எனுக்கே பிரியல பாய்," என்று தலையைச் சொறிந்தான் அவன்.

"வாடை வேற அடிக்குது."

"மீன் தொட்டில மீன் வாடை வராம மல்லிப்பூ வாடையா பாய் வரும்?"

ஹபீப் போர்வையை மடித்து வைத்தார். ஊருக்கெல்லாம் தண்ணீர் தெளிவாக இருக்க, தன் வீட்டில் மட்டும் ஏன் இப்படி? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

"நீயே தூக்கிட்டுப் போயிடு தௌசீஃப்."

தௌசீஃப் தொட்டியில் கை வைத்ததுதான் தாமதம், சமையற்கட்டிலிருந்து குல்ஷன் ஓடி வந்தாள்.

"வேணாம், வச்சிடு! வர்றவங்க பாத்தா பாத்துட்டுப் போறாங்க. தொட்டி இங்கதான் இருக்கும்." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது.

ஹபீப் திருதிருவென்று விழித்தார். தொட்டியை வீட்டை விட்டு விரட்டியே தீருவேன் என்று நின்றவள் இவள்தானா?

"உன்னோட ஆசைதானே நடக்குது. அப்புறம் ஏன் அழுவுற?"

குல்ஷன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குக் கட்ட வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் சிம்ராதான் நிமிர்ந்தாள்.

"செடி வாடுதுன்னு நீங்க முகம் வாடினது அம்மாவுக்குப் பொறுக்கல அத்தா, அன்னிலேருந்து கறிவேப்பிலைச் செடிக்குக்கூட இல்லாம, மீன் கழுவுன தண்ணி மொத்தத்தையும் உங்க தொட்டியிலதான் ஊத்திட்டிருக்காங்க!"