நான் தண்ணீர் ஊற்றிய காராமணிச் செடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. ஐந்தையும் ஆளாக்கினேன். அதில் மூத்தவள் செல்வியின் ஒரு வருஷத்தை மட்டும் நானே தண்ணீர் ஊற்றிக் கெடுத்தேன்.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் எனக்குப் பெருக்குகிற வேலை. செல்வி அங்கேதான் உயிரியல் ஆசிரியைக்குப் படித்தாள். (துடைப்பம் பிடிக்க நான் வெட்கப்பட்டதில்லை. அவள்தான் பட்டாள்.)

செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கு இரண்டு கொட்டாங்குச்சியில் காராமணிச் செடி. ஒன்றுக்குத் தண்ணீர் உண்டு, ஒன்றுக்குக் கிடையாது. தினமும் பார்த்து, கண்டதை நோட்டில் எழுத வேண்டும். எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடு முழுக்க மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். கல்லூரிக்கு விடுமுறை. "பொம்பளப் புள்ள, வூட்ட வுட்டு வெளிய போவாத" என்று செல்வியை நிறுத்திவிட்டு, நான் மட்டும் பெருக்கப் போனேன். பாதிச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. பாவம் என்று எல்லாவற்றுக்கும் ஊற்றினேன்.

கல்லூரி திறந்த அன்றே தேர்வு. மற்றவர்கள் 'விடுமுறை, பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள். என் மகள் கெட்டிக்காரி. வீட்டில் இருந்தபடியே புத்தகத்தைப் பார்த்து, 'தண்ணீர் இல்லாத செடி ஏழாம் நாள் காய்ந்தது' என்று எழுதியிருந்தாள். அந்தச் செடி தேர்வாளர் எதிரில் நாலு இலை விட்டு நின்றது.

"என்னம்மா, செத்தது எழுந்து வந்துடுச்சா?"

வாசலில் நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான்தாங்க ஊத்தனேன். மூணாம் நாளே எல தொங்கிச்சு. சாயந்தரம் ஊத்தனா காலையில நிமுந்துக்கினு நிக்குது. வாயில்லாத உசுரு, காய வுடலாமா?" (பாராட்டுவார் என்று நினைத்தேன். மடச்சி.)

அவர் செல்வியைப் பார்த்தார். "கவனிச்சது இந்த அம்மா. நீ கவனிக்கவே இல்ல." நோட்டில் பூஜ்ஜியம் போட்டார்.

வீட்டுக்கு வந்துதான் அழுதாள். "தெனம் போயிக்கினு இருந்தியே. செடி நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?"

"நீ கேட்டியாடி?" என்றேன்.

கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். இவள் மறு வருஷம் எழுதி, கல்வராயன் மலையில் வேலை கிடைத்து, சில வருஷம் அங்கே தனியாகவே கிடந்து ஊர் திரும்பினாள். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், "ஆயா பாஸு, அம்மா ஃபெயிலு" என்று அவள் பிள்ளைகள் ஆரம்பித்துவிடும். செல்வியும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். தப்பு என்னுடையது என்று மட்டும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

இப்போது இதில் எழுதிவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "இன்னா ஆயா?" என்று வந்து நிற்கிறாள்.

"இத படி. மெல்ல வாணாம், சத்தமா படி. உங்கம்மா அடுப்பாண்ட கீறா."