பெருமூச்சு விட்ட புல்லட்

பட்டாபிராமில் அப்போது இரண்டு இடங்களில்தான் கூட்டம். ஒன்று, காலையில் சென்ட்ரல் போகும் ரயில். இன்னொன்று, பெருமூச்சு சாமியின் கொட்டகை. ரயிலில் ஏறியவர்களாவது போய்ச் சேர்ந்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மனிதருக்குப் பேய் ஓட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருந்ததால், சாமி புதுத் தொழில் கண்டுபிடித்திருந்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பேய் ஓட்டினார். வீட்டுக்காரர் செத்து, ஓட்ட ஆளில்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த வண்டிகளை ஜனங்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். செத்தவர் போக மனமில்லாமல் இன்ஜினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாராம். அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி உட்கார்ந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாட்சியும் உண்டு. பக்தர் துலுக்கானம் கார்புரேட்டர் வாயருகே வெற்றிலையைப் பிடிப்பார். சாமி கிக்கரை மிதிப்பார். உள்ளேயிருந்து 'ஹ்ஹூம்' என்று ஒரு பெருமூச்சு வரும். வெற்றிலை பறக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனால் சாமி ஆவியைக் கரைசேர்ப்பார். வண்டியும் அம்பத்தூர் பக்கம் நல்ல விலைக்குக் கரைசேரும்.

ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த வனஜாவின் புருஷன் பக்தவத்சலம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவர் வேலை பார்த்த ஃபேக்டரியிலேயே வனஜாவுக்கு வேலை கொடுத்தார்கள். அவருடைய புல்லட் மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஐ.டி.ஐ. படித்து அதே ஃபேக்டரியில் சேர்ந்த தங்கை வரலட்சுமி, அதை ஓட வைத்து அக்காவைப் பின்னால் உட்கார்த்தி வேலைக்குப் போகலாம் என்று நினைத்தாள். ஒரு மிதி மிதித்தாள். பெருமூச்சு வந்தது.

"ரொம்ப நாள் நின்ன வண்டிக்கா. மொதல்ல வால்வைப் பாக்கணும்."

"உனுக்கு எல்லாமே நட்டு போல்ட்டுதான். அது அவரு மூச்சுடி," என்றாள் வனஜா. அன்று சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டாபிராம் கிளம்பிவிட்டாள். வரலட்சுமி ஸ்பேனர் பையோடு பின்னாலேயே போனாள்.

சாமி மிதித்தார். வெற்றிலை பறந்தது.

"உம்மேல கோவமா கீறாரு தாயி."

வனஜா இன்ஜின் அருகே குனிந்தாள். "உன்ன லேட்டா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன்னு கோவமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சாமி இன்னொரு மிதி மிதித்தார். ஹ்ஹூம்.

"ஆமான்றாரு," என்றார்.

வனஜா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். வரலட்சுமி ஸ்பேனரை எடுத்தாள். சாமி தடுப்பதற்குள் காலி டேங்கைக் கழற்றி, இன்ஜின் தலைமேல் இருந்த மூடிகளைத் திறந்தாள்.

"எல்லாரும் கிட்ட வந்து பாருங்க. இன்ஜினுக்கு ரெண்டு கதவு. காத்து உள்ள வர ஒண்ணு, புகை வெளிய போக ஒண்ணு. இதான் வால்வு."

கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தினாள். ஒரு வால்வு இறங்கி ஏறியது. இன்னொன்று இறங்கிய இடத்திலேயே கிடந்தது.

"காத்து உள்ள வர கதவுதான் துருப்புடிச்சி தொறந்தே நின்னுகினு கீது. மிதிச்சா உள்ள கீற காத்து இந்த வழியா வெளிய ஓடுது. அந்தக் காத்துதான் பெருமூச்சு."

பையில் கொண்டுவந்த மண்ணெண்ணெயை ஊற்றி, ஊறவிட்டு, மரச்சுத்தியால் பதமாகத் தட்டினாள். 'டக்' என்று வால்வு மேலே ஏறிக்கொண்டது. மூடிகளைப் பூட்டிவிட்டு மிதித்தாள். பெருமூச்சு இல்லை. துலுக்கானம் பிடித்த வெற்றிலை பறக்காமல் கார்புரேட்டர் வாயோடு ஒட்டிக்கொண்டது.

சாமி அசரவில்லை. "பாத்தீங்களா, நான் கண்ண மூடி அனுப்பி வெச்சிட்டேன்," என்றார். கூட்டம் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம் கன்னங்களுக்கு ஓய்வே கிடையாது.

"சரி சாமி. உங்க புல்லட்டு தெனம் ஓடுதே, அதுல ஆவி எதுனா கீதா?" என்று கொட்டகை ஓரம் நின்ற சாமியின் வண்டியைக் காட்டிக் கேட்டாள் வரலட்சுமி.

"என் வண்டிய எந்த ஆவியும் அண்டாது."

"அப்ப அதுல ஒரு தபா பாத்துடலாமா?"

சாமி வேண்டாம் என்று தலையாட்டினார். துலுக்கானம் பக்திப் பரவசத்தில் குறுக்கே வந்தார். "அட, பாக்கட்டும் சாமி. நம்ம வண்டிலதான் ஒண்ணும் இல்லியே, உங்களுக்கு இன்னா பயம்?" சில பக்தர்கள் எதிரிகளை விட ஆபத்தானவர்கள்.

வரலட்சுமி சாமி வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே ஒரு நட்டைத் தளர்த்தித் திருகினாள். "இப்ப ஒரு கதவ நானே மூடாம நிறுத்தி வெச்சிட்டேன்," என்றாள். துலுக்கானம் வெற்றிலை பிடித்தார். அவள் மிதித்தாள்.

ஹ்ஹூம். வெற்றிலை பறந்து சாமியின் தாடியில் விழுந்தது.

"இதுல யாரு உட்காந்துகினு கீறாங்க சாமி?"

துலுக்கானத்துக்கு மெல்ல உறைத்தது. "யோவ், எங்க நைனா வண்டிய உங்கிட்டதானே உட்டேன். அது எங்கய்யா?"

"அது சாந்தியாயிடுச்சி," என்றார் சாமி.

"எந்தக் கடையில சாந்தியாச்சி?"

சாமி தன் புல்லட்டில் தாவி ஏறினார். மிதித்தார், மிதித்தார். வண்டி பெருமூச்சு விட்டதே தவிர நகரவில்லை. கூட்டம் சுற்றி வளைத்து விசாரித்ததில் தெரிந்தது: பெயர் கஜபதி, பழைய தொழில் மெக்கானிக். ஒட்டிய வால்வை அவர் வரலட்சுமிக்கு முன்பே அறிவார். அறிந்ததை அவள் சொன்னாள், இவர் விற்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வனஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப அவருக்கு எம்மேல கோவம் இல்லியாடி?"

"கோவப்பட அவரு இங்க இல்லக்கா. வெறும் காத்து. நீ அன்னிக்கி செய்ய வேண்டியதெல்லாம் செஞ்ச."

வரலட்சுமி காலி டேங்கை மாட்டி, பெட்ரோல் போட வண்டியைத் தள்ளினாள். வனஜா ஒரு பக்கம் தானும் பிடித்துத் தள்ளினாள்.

வண்டி ஓடாமல் கிடந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும். மூளை ஓடாமல் கிடந்தாலும் அப்படித்தான். வால்வுக்காவது கொஞ்சம் மண்ணெண்ணெய் போதும். மூளையை அவரவர்தான் தட்டிக்கொள்ள வேண்டும்.